கோவைக்குள் உறங்கும் திட்டம்

இக்காலத்திற் பல்கலைக்கழக நிர்வாகங்களின் வாயில் அடிக்கடி அடிபடும் சொற்றொடர்களுள் ‘அவசரநிலை ஆயத்தத் திட்டம்’ என்பதும் ஒன்று. வெள்ளமோ சூறாவளியோ தீவிபத்தோ நேர்ந்த மறுவாரத்திற் குழு ஒன்று நியமிக்கப்படும். குழு கூடும், தேநீர் அருந்தும், உபகுழு ஒன்றை நியமிக்கும். ஓராண்டு கழிந்தபின் அழகிய அட்டையிட்ட அறிக்கையொன்று பேரவையின் முன் வைக்கப்படும். பேரவை அதனைக் ‘கவனத்திற் கொண்டது’ என்று கூட்டக் குறிப்பில் எழுதப்படும். அத்துடன் அத்திட்டம் பதிவாளர் அலுவலகத்துக் கோவையொன்றினுள் துயில்கொள்ளச் சென்றுவிடும். அடுத்த வெள்ளம் வரும்வரை அதனை எழுப்புவார் இலர். வெள்ளம் வந்த பின்னரோ, அக்கோவை இருந்த அலுமாரியே நீருக்குள் நிற்கும்.

இது நகைச்சுவைக்காகச் சொல்லப்பட்டதன்று. திட்டம் எழுதப்பட்டிருக்கின்றதா என்று கேட்டால் ‘ஆம்’ என்று தயங்காது விடையிறுக்க வல்ல நிறுவனங்கள் பல உள. அத்திட்டத்தின்படி நடக்க வேண்டியவர்கள் அதனை அறிவரா என்று கேட்டால் அந்த விடை வாராது. கணக்காய்வாளருக்குக் காட்டுவதற்காக எழுதப்படும் திட்டம் வேறு. உயிர் காப்பதற்காக எழுதப்படும் திட்டம் வேறு. எமது வளாகங்களில் உள்ளவை பெரும்பாலும் முன்னைய வகையின என்பதும், அவை அவ்வாறு இருப்பதற்குக் காரணம் பணமின்மையன்று, ஊழியர்களைப் பற்றி, அதிலும் கீழ்நிலை ஊழியர்களைப் பற்றி, நிர்வாகமும் நாமும் கொண்டுள்ள எண்ணமே என்பதும் எமது வாதம்.

முதலில் ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணித்தியாலங்கள். நிர்வாகக் கட்டடம் காலை 8 மணி தொடக்கம் மாலை 4.15 வரை திறந்திருக்கின்றது எனவும், வார இறுதிகளும் போயா தினங்களும் ஏனைய விடுமுறைகளும் நீங்கலாக ஆண்டில் 240 நாட்கள் அவ்வாறு திறக்கப்படுகின்றது எனவும் கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் வருவது 1,980 மணித்தியாலம். அதாவது ஆண்டின் நான்கில் ஒரு பங்குதானும் இல்லை. எஞ்சிய முக்காற் பங்குக்கும் மேலான நேரத்தில் வளாகம் யாருடைய கையில் இருக்கின்றது? துணைவேந்தர் கையிலன்று, பீடாதிபதிகள் கையிலன்று, பேராசிரியர் கையிலுமன்று. வாயிலில் நிற்குங் காவலாளி, நீர்ப்பம்பியை இயக்குபவர், விடுதியின் உப பொறுப்பாளர், சமையலறை ஊழியர், விலங்குக் கூடத்துக்குத் தீனி போட வருஞ் சிற்றூழியர், மருத்துவ நிலையத்தில் இரவு விழித்திருக்குந் தாதி ஆகியோரே அந்நேரத்திற் பல்கலைக்கழகமாவர்.

அனர்த்தங்களோ அலுவலக நேரம் பார்த்து வருவன அல்ல. 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆந் திகதி இரவிலேதான் சூறாவளி மட்டக்களப்பை மோதிற்று. 900 பேருக்கு மேல் மாண்டனர். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை, போயா தினமுங்கூட. சுமாத்திராவுக்கு அண்மையிற் கடலடி நிலம் நடுங்கியதற்கும் எமது கிழக்குக் கரையை அலை அடைந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த இரண்டு மணித்தியாலத்தில் எச்சரிப்பதற்கென்று கடமை விதிக்கப்பட்டவர் கரையில் ஒருவரும் இருக்கவில்லை. இலங்கையில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. எனவே ஒரு வளாகத்தின் ஆயத்தத்தை அளப்பதற்கு உரிய அளவுகோல், அங்கு என்னென்ன குழுக்கள் உள்ளன என்பதன்று. மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு மணிக்கு அங்கு விழித்திருக்கும் ஊழியருக்கு என்ன தெரியும் என்பதும், அவர் எதனைச் செய்வதற்கு அதிகாரம் உடையவர் என்பதுமே அவ்வளவுகோல்.

இவ்வளவுகோலைக் கொண்டு ஒரு வளாகத்தின் திட்டத்தை நோக்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. வளாகத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. வாசகர் பலர் அது தமது வளாகமே என்று எண்ணக்கூடும். திட்டம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அவசர வேளையில் அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கங்களுள் முதலாவது, ஓய்வுபெற்றுச் சென்றுவிட்ட உத்தியோகத்தர் ஒருவருடையது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற மூன்றிலக்க எண் அதில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டடங்களை விட்டு வெளியேறுவோர் ஒன்றுசேர வேண்டிய கூடுமிடம் விளையாட்டு மைதானம் என்று குறிக்கப்பட்டிருந்தது. அந்த மைதானம் ஒவ்வோராண்டும் மாரியிற் குளமாகி நிற்பதை அவ்வளாகத்துப் புல்வெட்டுந் தொழிலாளி நன்கறிவார். அவரிடம் ஒருவருங் கேட்கவில்லை.

இத்தகைய பிழை சிறியது, திருத்திக்கொள்ளக் கூடியது என்று கூறுவார் உளர். கடதாசியில் எழுதப்பட்ட ஓர் இடப்பெயர் எத்துணை உயிர்களைக் கொள்ளும் என்பதை அறிய விரும்புவோர் யப்பானின் ஒக்காவா தொடக்கப் பாடசாலையின் கதையை வாசித்தல் வேண்டும். அது பல்கலைக்கழகமன்று, சிறு கிராமப் பாடசாலை; ஆயினும் கல்வி நிறுவனமொன்றின் ஊழியர்கள் அவசரநிலையை எதிர்கொள்ளும் முறை பற்றி அதனிலுந் தெளிவாக எடுத்துரைக்கும் வரலாறு வேறொன்றை யாம் அறியோம்.

இஷினோமாக்கி நகரப் பிரிவில், கடலிலிருந்து ஏறத்தாழ 4 கிலோமீற்றர் உள்ளே, கித்தக்காமி ஆற்றங்கரையில் அப்பாடசாலை இருந்தது. 2011 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆந் திகதி பிற்பகல் 2.46 மணிக்கு நிலம் அதிர்ந்தது. ஆசிரியர்கள் ஒழுங்காகப் பிள்ளைகளை முற்றத்துக்குக் கொணர்ந்தனர், வரவெடுத்தனர். அதன்பின் என் செய்வது? பாடசாலைக்கும் ஒரு கையேடு இருந்தது. முற்றத்திலிருந்து அடுத்துச் செல்ல வேண்டிய இடம் ‘அயலிலுள்ள வெற்றுநிலம், பூங்கா முதலியன’ என்று அதிலே எழுதப்பட்டிருந்தது. எந்த வெற்றுநிலம், எந்தப் பூங்கா என்று அதனை எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. எழுத வேண்டும் என்று பணிக்கப்பட்டதால் எழுதினர் போலும். பாடசாலையின் பின்புறத்தே ஒரு குன்று நின்றது. பிள்ளைகள் முன்னர் அதில் ஏறிக் காளான் வளர்த்ததும் உண்டு. குன்றில் ஏறுவதா, ஆற்றுப் பாலத்தருகேயுள்ள மேட்டுக்குச் செல்வதா என்று ஆசிரியர்கள் விவாதித்தனர். அதிபர் அன்று விடுமுறையில் இருந்தார். நகரத்தின் இடர் வரைபடமோ பாடசாலை அலை எட்டும் எல்லைக்கு வெளியே உள்ளது என்று காட்டிற்று. விவாதம் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் நீண்டது. ஈற்றில் ஆற்றங்கரை மேட்டை நோக்கி வரிசையாகப் புறப்பட்டனர். சற்று நேரத்தில் அலை வந்தது. மாணவர் 74 பேரும் ஆசிரியர் 10 பேரும் மாண்டனர். அங்கிருந்த ஆசிரியர்களுள் ஒருவரே பிழைத்தார்.

பிள்ளைகளை இழந்த பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 2018 ஆம் ஆண்டிற் செண்டாய் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பே இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. அலை வந்த அன்று ஆசிரியர் எடுத்த முடிவை மாத்திரம் அது நோக்கவில்லை. அதற்கு நெடுநாள் முன்னரே, கையேட்டை உரியவாறு திருத்தாமலும் செல்லுமிடத்தையும் வழியையுந் தெளிவாக வரையறுக்காமலும் விட்ட பாடசாலை நிர்வாகத்தினதும் கல்விச் சபையினதும் தவறே அது என்று மன்று கண்டது. வரைபடத்தை நம்பினோம் என்ற சமாதானம் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. 2019 இல் உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டை நிராகரித்ததோடு அத்தீர்ப்பு உறுதியாயிற்று. அதாவது மோசமான திட்டமொன்றை எழுதி வைத்தல் திட்டமில்லாமையிலுஞ் சிறந்தது என்ற எமது நிர்வாகிகளின் நம்பிக்கையை ஒரு நாட்டின் நீதிமன்றம் தள்ளிவிட்டது.

அதே நாளில் அதே கரையோரத்தில், கமாய்ஷி என்ற நகரத்திலே, ஏறக்குறைய 3,000 பாடசாலைப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலார் உயிர் தப்பினர். இதனைச் சிலர் அற்புதம் என்றனர். அற்புதம் ஒன்றுமில்லை. குன்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் பல ஆண்டுகளாக அந்நகரத்துப் பாடசாலைகளுக்குச் சென்று ஆசிரியர்களோடும் பிள்ளைகளோடும் பழகி ஒத்திகை நடத்தியிருந்தார். வரைபடத்தை முற்றாக நம்பாதே, உன்னால் இயன்ற அனைத்தையுஞ் செய், பிறரைப் பார்த்து நில்லாது முதலில் நீ ஓடு என்பவையே அவர் கற்பித்த பாடங்கள். இடைநிலைப் பாடசாலை மாணவர் ஓடத் தொடங்கினர். மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்த அயற்பாடசாலைச் சிறுவர் அதனைக் கண்டு தாமும் இறங்கி ஓடினர். முதலிற் குறித்த இடம் போதாது என்று கண்டதும் அதனினும் மேலே சென்றனர். ஆணையை எதிர்பார்த்து ஒருவரும் நிற்கவில்லை. தம் பட்டறிவைப் பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே கொண்டு சென்ற அப்பேராசிரியரைப் போன்றவர்கள் எம்மிடையேயும் இருக்கலாம். ஆயின் எமது புவியியற்றுறைகள் வெள்ளச் சமவெளிகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தும் மண்டபம் வெள்ளத்தில் எத்தனை அடி தாழும் என்று காட்டும் வரைபடம் எத்தனை வளாகங்களின் சுவர்களிலே தொங்குகின்றது?

ஆணையை எதிர்பார்த்து நிற்றல் என்றோம். எமது நிர்வாக மரபின் நோய்களுள் இதுவே முதன்மையானது. காவலாளி தலைமைக் காவலருக்கு அறிவிப்பார், அவர் பாதுகாப்பு உத்தியோகத்தருக்கு, அவர் உதவிப் பதிவாளருக்கு, அங்கிருந்து மேலே. ஒவ்வொரு படியிலும் ஒரு தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருக்கக்கூடும். இந்நோய் செல்வந்த நாடுகளிலும் உண்டு. 2007 ஆம் ஆண்டு ஏப்பிரல் 16 ஆந் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா ரெக் பல்கலைக்கழகத்தில் ஒருவன் காலை 7.15 மணியளவில் விடுதியொன்றில் இருவரைச் சுட்டான். வளாகத்தவர்க்கு அதனை அறிவிக்கும் முதலாவது மின்னஞ்சல் 9.26 மணிக்கே அனுப்பப்பட்டது. இருபது நிமிடந்தானும் செல்லாமுன் அவன் வேறொரு கட்டடத்திற் புகுந்து மேலும் முப்பது பேரைக் கொன்றான். பின்னர் ஆராய்ந்த குழு கண்டவற்றுள் ஒன்று யாதெனில், வளாகப் பொலிசார் தாமாக எச்சரிக்கைச் செய்தி அனுப்பக்கூடிய நிலையில் இருக்கவில்லை என்பதாகும். உயர் நிர்வாகிகள் கூடி ஆராய்ந்து, சொற்களைத் தெரிந்து, அதன்பின் அனுப்ப வேண்டியிருந்தது. அந்நாட்டில் அடுத்த ஆண்டே சட்டம் திருத்தப்பட்டது. உடனடி எச்சரிக்கை பல்கலைக்கழகங்களுக்குக் கடமையாயிற்று. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவசரநிலை நடைமுறைகளைச் சோதித்துப் பார்த்தலுங் கடமையாயிற்று.

எமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம், அமைச்சுகளும் அரச திணைக்களங்களும் அரச கூட்டுத்தாபனங்களும் தத்தமக்கென அனர்த்த முகாமைத்துவத் திட்டமொன்றை ஆக்க வேண்டும் என்று விதிக்கின்றது. பல்கலைக்கழகம் இப்பட்டியலுள் எங்கு அடங்கும் என்று சட்டம் பயின்றோர் வாதிடட்டும். காவலாளி ஒருவர் மேலிடத்து அனுமதியின்றி அபாயமணியை அடிக்கலாமா என்ற வினாவுக்கு விடை சட்டத்தில் இல்லை. அது துணைவேந்தரின் ஒரு சுற்றறிக்கையில் அடங்கக்கூடிய விடயம். ‘ஆபத்து எனக் கருதும் எந்த ஊழியரும் மணியடிக்கலாம், கட்டடத்தை வெறுமையாக்கலாம், பின்னர் அது தவறெனத் தெரிந்தாலும் அவர்மீது விசாரணை இல்லை’ என்ற மூன்று வரிகள் போதும். இம்மூன்று வரிகளை எழுத எந்த நிர்வாகமும் அஞ்சுகின்றது. பரீட்சை வேளையில் யாரோ வீணே மணியடித்துவிடுவார் என்பது அவர்கள் கூறுங் காரணம். உண்மைக் காரணம் வேறு. மாதச் சம்பளத்திற் கடைநிலையில் உள்ளவரின் கையிலே பேராசிரியரை மண்டபத்திலிருந்து வெளியேறச் சொல்லும் அதிகாரத்தை வைப்பது எமது படிநிலை மனத்துக்கு ஒவ்வாது.

இனி, எதிர்வாதங்களுள் மதித்து விடையிறுக்கத் தக்க ஒன்று உண்டு. ‘திட்டங்கள் மேனாட்டாரின் பழக்கம்; எமது மக்கள் ஆபத்து வேளையில் தாமாகவே ஒன்றுதிரள்வர்; பட்டறிவே எமது திட்டம்’ என்று பழைய ஊழியர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். இதனை எள்ளி நகையாடுவதற்கில்லை. 1990 ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபோது வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகம், சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஓடிவந்த பல்லாயிரவர்க்கு அடைக்கலமாயிற்று. விரிவுரை மண்டபங்கள் வீடுகளாயின. பயிற்சி எதுவுமின்றிப் பல்கலைக்கழக ஊழியர் ஓர் அகதி முகாமை நடத்த நேர்ந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 5 ஆந் திகதி இராணுவத்தினரால் அங்கிருந்து கொண்டு செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. எந்த ஆயத்தத் திட்டமும் அவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கும் என்று கூறுதல் பேதைமை. ஆயினும் அவ்வெண்ணை இன்றுந் திட்டவட்டமாகச் சொல்ல முடிகின்றதெனில் அது பெயர்கள் இருப்பதனாலேயே. ஒரு வளாகத்தில் யார் யார் உள்ளனர், யார் வந்தனர், யார் சென்றனர் என்று பெயரெழுதி வைத்தல் எழுதுவினைஞர் ஒருவரின் சாதாரண வேலை. நெருக்கடியில் அதுவே உயிரோடும் நீதியோடும் நேரே தொடர்புடைய வேலை. அன்று அவ்வூழியர் ஆற்றியவற்றை நாம் பெருமையோடு நினைவு கூர்கின்றோம். அவர்களைத் தனியே விட்ட நிலையை நியாயப்படுத்த அப்பெருமையைப் பயன்படுத்தலாகாது. தன்னலமற்ற ஊழியர் இருப்பர் என்பதனை ஒரு நிர்வாகம் தன் திட்டமாகக் கொள்ளுமாயின், அது திட்டமன்று. பிறர் முதுகிற் சவாரி செய்தலாகும்.

அடைக்கலம் தேடுவோர் வளாகத்துக்கு வருவர் என்பதைத்தானும் திட்டங்கள் மறந்துவிடுகின்றன. 2011 சனவரி வெள்ளத்தின்போது நாட்டிற் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மட்டக்களப்பும் அம்பாறையும் மிக வருந்தின. இப்பிரதேசங்களில் உயரமான, உறுதியான, பல மலசலகூடங்களைக் கொண்ட கட்டடங்கள் யாவை? பாடசாலைகளும் பல்கலைக்கழகங்களுமே. கிராமத்தவர் வருவரெனில் வாயிலைத் திறப்பவர் யார், எந்த மண்டபம், கிணற்றை யார் பார்ப்பார், பிரதேச செயலகத்துக்கு யார் அறிவிப்பார்? வெள்ளத்தோடு பாம்புகளும் மேட்டுக்கு வரும் என்பதை அயல்நாட்டுக் கையேட்டிலிருந்து பெயர்த்தெழுதுபவர் நினையார்.

மொழி பற்றிக் கூறாது விட முடியாது. தமிழ்ச் சங்க மலரில் மொழியைப் பற்றிய முறைப்பாடு வாடிக்கையானதே என்று வாசகர் புன்முறுவல் பூக்கலாம். 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி இந்நாட்டைக் கடந்தபோது மலைநாட்டிற் குன்றுகள் சரிந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எச்சரிக்கைகள் தமிழில் உரிய வேளையிற் கிடைக்கவில்லை என்ற முறைப்பாடு அப்போது பரவலாக எழுந்தது. தமிழ் அரச கரும மொழியாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இந்நிலை. இதற்காக அரசைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றும் உரிமை எமக்கு உண்டு. ஆயின் தமிழர் பெரும்பான்மையாகப் பணிபுரியும் வளாகங்களின் ஆய்வுகூடங்களில் அமிலப் போத்தல்களுக்கு அருகே தொங்கும் அறிவுறுத்தல் எந்த மொழியில் உள்ளது? தீயணைக்குங் கருவியின் மேல் எழுதப்பட்டிருப்பது எந்த மொழி? அதனைத் தூக்க வேண்டியவர் ஆங்கிலம் வாசிப்பவர்தாமா? கலைச்சொல்லாக்கத்தில் எத்துணையோ உழைத்த சமூகம் நாம். தாவரவியலுக்கும் பௌதிகத்துக்குந் தமிழிற் பாடநூல் செய்தோம். ஒரு கட்டடத்திலிருந்து வெளியேறும் வழியை ஒரு பக்கத் தமிழில் எழுத எமக்கு நேரமில்லை. மலையகத்திலும் தெற்கிலும் உள்ள வளாகங்களில் மூன்று மொழியும் வேண்டும். அங்கு தமிழ் மாத்திரந் தெரிந்த துப்புரவுத் தொழிலாளிக்கும் சிங்களம் மாத்திரந் தெரிந்த காவலாளிக்கும் ஒரே தீ.

அடுத்து ஒப்பந்த முறை. பல வளாகங்களிற் காவலும் துப்புரவும் இன்று தனியார் கம்பனிகளின் கையில் உள்ளன. ஒப்பந்தம் மாறும்போது ஆட்களும் மாறுகின்றனர். சென்ற மாதம் வந்த காவலாளிக்கு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆளி எந்த அறையில் உள்ளது என்று தெரியாது. அவ்வறையின் திறப்பு எங்கே என்று தெரியாது. எந்த விடுதியிற் சக்கர நாற்காலியிற் செல்லும் மாணவி இருக்கிறாள் என்றுந் தெரியாது. முன்னர் முப்பது ஆண்டு ஒரே வாயிலில் நின்ற முதியவருக்கு இவையனைத்தும் மனப்பாடம். அவருடைய சம்பளத்தை மிச்சம் பிடித்தபோது அந்த அறிவையும் விற்றுவிட்டோம் என்பதை எந்தக் கணக்கறிக்கையுங் காட்டாது. ஒப்பந்தத்தை விலக்க முடியாதெனில், பயிற்சி நாட்களையும் அந்நாட்களுக்கான கூலியையும் ஒப்பந்தப் பத்திரத்திலேயே எழுதலாம். காயமுற்றால் யார் பொறுப்பு என்பதையும் எழுதலாம். வெள்ளத்தில் நிற்கச் சொல்லி, அவ்வெள்ளத்தில் அவர் இறந்தால் ‘எமது ஊழியரல்லர்’ என்று கைகழுவுதல் எந்தப் பண்பாட்டைச் சேர்ந்தது?

கருவிகளை வாங்கிக் குவித்துவிட்டால் ஆயத்தம் நிறைவுறும் என்ற மயக்கத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2008 டிசெம்பர் 29 இல், விடுமுறைக் காலத்தில், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்து இரசாயன ஆய்வுகூடமொன்றிற் காற்றுப் பட்டாலே தீப்பற்றும் சேர்வையொன்றைக் கையாண்ட ஆய்வு உதவியாளர் ஒருவரின் உடையிலே தீப்பிடித்தது. வயது 23. அவர் ஆய்வுகூட மேலங்கி அணிந்திருக்கவில்லை. அவசர நீர்த்தாரை சில அடி தூரத்திலேயே இருந்தது. அருகிருந்தவர் பதற்றத்திலே தம் மேலங்கியால் தீயை அணைக்க முயன்றார். நீர்த்தாரையின் கீழ் அவர் கொண்டு செல்லப்படவில்லை. பதினெட்டு நாட்களின் பின் அவ்விளம்பெண் இறந்தார். உலகின் செல்வம் மிக்க பல்கலைக்கழகங்களுள் ஒன்றில், கருவி இருந்தும், அதனை நோக்கிக் கால் தானாகச் செல்லும் பழக்கம் இருக்கவில்லை. அப்பழக்கம் ஒத்திகையால் அன்றி வாராது. எமது ஆய்வுகூடங்களிற் சில, நீர்த்தாரையே இல்லாதவை. அது வேறு கதை. இருப்பனவற்றின் கீழே பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கின்றோமே, அதற்கு மானியங்கள் ஆணைக்குழுவைக் குறைகூற முடியுமா?

ஒத்திகை என்றதும் முகஞ்சுளிப்போர் யார்? சிற்றூழியர் அல்லர், அவர்கள் வருவர். மணியடித்தும் விரிவுரையை நிறுத்தாதவர், ‘எனக்கு முக்கிய வேலையுண்டு’ என்று அறைக்கதவைச் சாத்துபவர், மாணவர் வெளியேறும்போது தாம் மாத்திரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பவர் ஆகியோர் கல்விசார் ஊழியரே. மாணவர் ஆசிரியரைப் பார்த்தே நடப்பர். ஆசிரியர் அசையாதவிடத்து அவர்களும் அசையார். எமது தொழிற்சங்கங்களும் இவ்விடயத்தில் மௌனம் சாதிக்கின்றன. படிக்காசுக்கும் பதவியுயர்வுக்கும் வாரக்கணக்கிற் பணிநிறுத்தஞ் செய்வோர், ஆய்வுகூடத்துக்கு இரண்டாவது வாசல் வேண்டும் என்று ஒரு நாளேனும் நின்றதுண்டா?

ஊழியருக்கும் வீடு உண்டு என்பதையும் திட்டம் எழுதுவோர் மறந்துவிடுகின்றனர். ஆற்றுக்கு அப்பால் தன் பிள்ளைகள் கூரைமேல் நிற்கும்போது விடுதி வாயிலைக் காத்து நில் என்று ஒருவரைப் பணிக்கலாமா? அவர் நில்லார், நிற்கவுங் கூடாது. ஆகவே ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர் வேண்டும். அவர்கள் வெவ்வேறு ஊர்களில் வசிப்பவராக இருத்தல் வேண்டும். அவர்களின் குடும்பத்தையும் வளாகத்தின் மேட்டுக் கட்டடமொன்றுக்கு அழைத்துவர இடமிருத்தல் வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. யார் எங்கு வசிக்கின்றார் என்று கேட்டறியும் பொறுமையே தேவை.

பணமில்லை என்ற பல்லவிக்கு வருவோம். மின்பிறப்பாக்கிக்கும் தானியங்கி மணிகளுக்கும் பணம் வேண்டும். அவை வரும்போது வரட்டும். கட்டடத்துக்கு ஒரு பக்கம், அவரவர் மொழியில், அவ்வக் கட்டடத்தின் ஊழியரே கூடியிருந்து எழுதலாம்: மணி எங்கே, திறப்பு யாரிடம், எந்த வழி, எந்த மேடு, பெயர் பார்ப்பவர் யார், அவர் இல்லையேல் மற்றவர் யார். ஒலிபெருக்கி இல்லையெனிற் கோயிலில் அடிப்பது போன்ற ஒரு மணியும் கயிறும் போதும். மின்சாரம் நின்றபோதும் அது ஒலிக்கும். அப்பக்கத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே ஊழியர் திருத்த வேண்டும். தமிழாக்கத்தை இத்தகைய சங்கங்கள் பொறுப்பேற்கலாம். வருடத்துக்கொரு நாடகப் போட்டி நடத்தும் எமக்கு அது பெருஞ்சுமையன்று. வெள்ளம் எட்டும் உயரத்தைக் கட்டடச் சுவர்களில் மையால் வரைவதைப் புவியியல் மாணவர் ஒரு வார இறுதியிற் செய்து முடிப்பர். எவ்வளவு உயரம் என்று புல்வெட்டுந் தொழிலாளி சொல்லிக் கொடுப்பார்.

ஒத்திகை நாளைப் பற்றி ஒரு சொல். வடகீழ்ப் பருவமழைக்கு முன், செப்டெம்பரிலே, ஒன்று நடத்தலாம். ஆனாற் பிரதம அதிதியும் மாலையும் விளக்கேற்றலும் வேண்டா. துணைவேந்தரும் பதிவாளரும் அன்று வளாகத்தில் இருக்கவுங் கூடாது. தொலைபேசியையும் அணைத்து வைக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை, இரவு இரண்டு மணி. வாயிற் காவலாளி மணியடிக்கட்டும். விடுதிகளிலிருந்து எத்தனை பேர் மேட்டுக்கு வந்தனர், எத்தனை நிமிடத்தில் வந்தனர், எந்தக் கதவு பூட்டியிருந்தது, அதன் திறப்பு யாருடைய வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தது என்பவற்றை அவரே எழுதி, அடுத்த பேரவைக் கூட்டத்தில் அவரே எழுந்து நின்று வாசிக்கட்டும்.